மின்தீயிலும் அடைபட்ட இடங்களிலும் தீயணைப்பான் பயன்பாடு

தீயணைப்பான் என்பது தொடக்க நிலையில் உள்ள சிறு தீயை அணைப்பதற்காகக் கையால் எடுத்துச் சென்று இயக்கக்கூடிய கருவி ஆகும். திறந்த வெளியில் எரியும் குப்பை அல்லது மரத்துண்டுகளின் மீது இதைப் பயன்படுத்துவதற்கும், மின்சாரம் பாய்ந்துகொண்டிருக்கும் கருவியின் மீதோ சன்னல் இல்லாத சிறிய அறையிலோ பயன்படுத்துவதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. முதல் நிலையில் தீ மட்டுமே ஆபத்து. மற்ற இரண்டிலும் அணைக்கப் பயன்படும் பொருளே இயக்குபவருக்கு ஆபத்தாக மாறக்கூடும். தவறான தீயணைப்பான் மின்னதிர்ச்சியை ஏற்படுத்தும். சரியான தீயணைப்பானும் கூட, தவறான இடத்தில் மூச்சை நிறுத்திவிடும்.

மின்தீக்குப் பெரிதும் பரிந்துரைக்கப்படும் கரியமில வாயு (கார்பன் டை ஆக்சைடு) தீயணைப்பானே அடைபட்ட இடத்தில் கூடுதல் எச்சரிக்கையுடன் கையாளப்பட வேண்டியது என்பதே இப்பொருளின் மையச் சிக்கல். மாடிப்படியின் கீழ் உள்ள மின் மீட்டர் அறை, ஜெனரேட்டர் அறை, மின்தூக்கி இயந்திர அறை, கணினிச் சேவையக அறை, கப்பலின் இயந்திர அறை ஆகியவை மின்சாதனங்கள் நிறைந்தவை. அதே நேரத்தில் காற்றோட்டம் குறைந்தவை. இரு ஆபத்துகளும் இங்கே ஒன்றுசேர்கின்றன.

தீ அணையும் விதம்

தீ எரிவதற்கு எரிபொருள், வெப்பம், ஆக்சிசன் ஆகிய மூன்றும் தேவை. இவை இணைந்து தொடர்வினையாக நிகழும்போது தீ நிலைக்கிறது. இவற்றுள் ஏதேனும் ஒன்றை நீக்கினால் தீ அணையும். நீர் வெப்பத்தை நீக்குகிறது. கரியமில வாயு, தீயைச் சுற்றியுள்ள ஆக்சிசனின் அளவைக் குறைக்கிறது. உலர்தூள், தொடர்வினையைத் துண்டிக்கிறது. எந்தத் தீயணைப்பான் எதை நீக்குகிறது என்பதை அறிந்தால், அது எங்கே பயன்படும், எங்கே பயன்படாது என்பதும் புரியும்.

எடுத்துக்காட்டாக, கரியமில வாயு ஆக்சிசனைக் குறைக்குமே தவிரப் பொருளைப் போதிய அளவு குளிர்விப்பதில்லை. ஆகவே வாயு கலைந்து சென்றபின், இன்னும் சூடாக இருக்கும் கம்பியோ மரமோ மீண்டும் பற்றிக்கொள்ளலாம்.

தீயின் வகைகளும் எழுத்துக் குழப்பமும்

தீயணைப்பானின் மீது ஏ, பி, சி போன்ற ஆங்கில எழுத்துகள் அச்சிடப்பட்டிருக்கும். இவை எல்லா நாடுகளிலும் ஒரே பொருளைத் தருவதில்லை.

இந்தியத் தரநிலைகளிலும் ஐரோப்பியத் தரநிலைகளிலும் 'ஏ' என்பது மரம், தாள், துணி போன்ற திடப்பொருள் தீ. 'பி' என்பது பெட்ரோல், டீசல் போன்ற நீர்மத் தீ. 'சி' என்பது சமையல் எரிவாயு போன்ற வளிமத் தீ. 'டி' என்பது மெக்னீசியம் போன்ற உலோகத் தீ. இவ்வரிசையில் மின்தீக்குத் தனி எழுத்து இல்லை. மின்சாரம் தானாக எரியும் பொருள் அன்று. அது தீயைத் தொடங்கிவைக்கும் காரணம் மட்டுமே என்பது இதன் அடிப்படை. மின்சாரத்தைத் துண்டித்துவிட்டால் எஞ்சுவது கம்பி உறையோ எண்ணெயோ எரியும் சாதாரணத் தீயாகும்.

அமெரிக்காவில் 'சி' என்ற எழுத்து மின்சாரம் பாயும் கருவிகளின் தீயைக் குறிக்கிறது. ஆஸ்திரேலியாவில் அதற்கு 'ஈ' என்ற எழுத்து உண்டு. எனவே அமெரிக்கப் பயிற்சிக் காணொளிகளைப் பார்த்துவிட்டு, இந்தியாவில் 'சி' எழுத்தைக் கண்டதும் அது மின்தீக்கு உரியது என்று முடிவு செய்வது பிழையாகலாம். மின்சாதனங்களின் மீது பயன்படுத்தலாமா, எத்தனை வோல்ட் வரை, எவ்வளவு தொலைவிலிருந்து என்ற குறிப்பைச் சிட்டையில் தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மின்தீயில் நீர் ஏன் கூடாது

தூய நீர் மின்சாரத்தை மிகக் குறைவாகவே கடத்தும். ஆனால் குழாய் நீரிலும் கிணற்று நீரிலும் உப்புகள் கரைந்திருப்பதால் அவை நன்கு கடத்துகின்றன. 230 வோல்ட் மின்சாரம் பாயும் பலகையின் மீது வாளி நீரை வீசினால், நீர் வழியாக மின்சாரம் வீசியவரை அடையலாம். தரையில் தேங்கும் ஈரமும் அதே ஆபத்தை உண்டாக்கும். நுரைத் தீயணைப்பானிலும் பெரும்பகுதி நீரே உள்ளது. ஆகவே அதற்கும் இதே தடை பொருந்தும்.

சில நீர்மூடுபனித் தீயணைப்பான்களில் கனிம நீக்கம் செய்யப்பட்ட நீர் நுண்துளிகளாகத் தெளிக்கப்படுகிறது. துளிகள் தனித்தனியாக இருப்பதால் தொடர்ச்சியான கடத்துபாதை உருவாவதில்லை. ஐரோப்பியத் தரநிலையில் நீர் சார்ந்த தீயணைப்பான்களை 35,000 வோல்ட் மின்னழுத்தத்தில் சோதிக்கும் முறை உண்டு. இதில் தேறியவை மட்டுமே, 1,000 வோல்ட் வரையிலான கருவிகளுக்கு அருகில் 1 மீட்டர் தொலைவிலிருந்து பயன்படுத்தத்தக்கவை என்று குறிக்கப்படுகின்றன. அத்தகைய குறிப்பு இல்லாத நீர் அல்லது நுரைத் தீயணைப்பானை மின்தீயில் எடுக்கக் கூடாது.

மின்தீக்கு ஏற்றவை

கரியமில வாயு: 1924-இல் அமெரிக்காவின் வால்டர் கிட் நிறுவனம், தொலைபேசி இணைப்பகங்களில் ஏற்படும் தீயை அணைக்க மின்கடத்தாப் பொருள் வேண்டும் என்ற பெல் தொலைபேசி நிறுவனத்தின் தேவைக்காக இவ்வகையை உருவாக்கியது. அதாவது இது மின்தீக்கென்றே பிறந்த கருவி. மின்சாரத்தைக் கடத்தாது; கருவியின் மீது எந்தப் படிவையும் விடாது. உருளைக்குள் இது அழுத்தத்தில் நீர்மமாக இருக்கும். 20 பாகை செல்சியசில் அந்த அழுத்தம் ஏறத்தாழ 57 பார் ஆகும். வெளியேறும்போது ஒரு பகுதி உறைந்து, மைனஸ் 78.5 பாகை செல்சியசு குளிருடைய உலர்பனியாக மாறும். எனவே அதன் கூம்புக்குழலை வெறுங்கையால் பற்றினால் தோலில் குளிர்ப்புண் ஏற்படலாம். கைப்பிடியை மட்டுமே பிடிக்க வேண்டும்.

உலர்தூள்: மோனோ அம்மோனியம் பாசுபேட்டு அல்லது சோடியம் பைகார்பனேட்டு தூள் இதில் பயன்படுகிறது. இதுவும் மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் மின்னணுக் கருவிகளுக்குள் புகுந்து, ஈரத்துடன் சேர்ந்து உலோகப் பகுதிகளை அரிக்கும். சிறிய அறையில் இதை அடித்தால் சில நொடிகளில் எதுவும் கண்ணுக்குத் தெரியாது, மூச்சுவிடுவதும் கடினமாகும். வெளியேறும் கதவே தெரியாமல் போவது இதன் பெரிய ஆபத்து. இக்காரணங்களால் 2012-ஆம் ஆண்டின் பிரித்தானியத் தரநிலை, கட்டடங்களுக்குள் தூள் தீயணைப்பான்களைப் பொதுவாக வைக்க வேண்டாம் என்று பரிந்துரைத்தது.

தூய வாயு வகைகள்: ஹாலோன் வாயுக்கள் ஒரு காலத்தில் கணினி அறைகளிலும் விமானங்களிலும் பெரிதும் பயன்பட்டன. ஓசோன் படலத்தைச் சிதைப்பதால் 1987-ஆம் ஆண்டின் மொண்ட்ரியால் நெறிமுறையின் கீழ் இவை கட்டுப்படுத்தப்பட்டு, வளர்ந்த நாடுகளில் 1994 தொடக்கத்தில் உற்பத்தி நின்றது. இன்று அவற்றுக்கு மாற்றாக வேறு செயற்கை வாயுக்கள் உள்ளன. இவையும் கடும் வெப்பத்தில் சிதைந்து ஹைட்ரசன் புளோரைடு போன்ற நச்சு வாயுக்களை வெளிவிடலாம். ஆகவே சிட்டையில் குறிக்கப்பட்ட அளவைவிடச் சிறிய அறையில் இவற்றைப் பயன்படுத்தலாகாது.

முதலில் மின்துண்டிப்பு

மின்தீயில் முதல் வேலை தீயணைப்பானை எடுப்பது அன்று; மின்சாரத்தை நிறுத்துவது. மின்சாரம் பாயும் வரை குறைபாடுள்ள இடத்தில் வெப்பம் தொடர்ந்து உண்டாகிக்கொண்டே இருக்கும். மெயின் சுவிட்சு தீக்கு அப்பால் பாதுகாப்பான இடத்தில் இருந்தால் அதை அணைக்க வேண்டும். எரியும் பலகையிலேயே சுவிட்சு இருந்தால் கையை நீட்டக் கூடாது.

மெயின் சுவிட்சை அணைத்த பின்னும் மின்சாரம் எஞ்சியிருக்கும் கருவிகள் உண்டு:

- இன்வெர்ட்டர், யு.பி.எஸ். ஆகியவற்றின் மின்கலங்கள் தம் பக்கத்திலிருந்து மின்சாரம் தந்துகொண்டே இருக்கும்.
- தானாக இயங்கும் ஜெனரேட்டர், வெளி மின்சாரம் நின்ற சில நொடிகளில் கட்டடத்துக்கு மீண்டும் மின்சாரம் தரலாம்.
- மின்தேக்கிகள் சுவிட்சு அணைந்த பிறகும் சிறிது நேரம் மின்னூட்டத்தைத் தேக்கிவைத்திருக்கும்.
- கூரையில் உள்ள சூரிய மின்தகடுகள் வெயில் படும் வரை நேர்மின்சாரத்தை உண்டாக்கும். அவற்றை முழுதாக நிறுத்தும் சுவிட்சு என்று எதுவும் இல்லை.

எனவே மின்சாரம் நின்றது உறுதியாகத் தெரியாதவரை, கருவியில் மின்சாரம் உள்ளது என்றே கொள்ள வேண்டும்.

உயரழுத்த மின்சாரம் வேறு வகையைச் சேர்ந்தது. கையடக்கத் தீயணைப்பான்களில் குறிக்கப்படும் வரம்பு பெரும்பாலும் 1,000 வோல்ட் ஆகும். தெருவில் நிற்கும் மின்மாற்றிக்கு வரும் கம்பியில் 11,000 வோல்ட் பாயலாம். அங்கே தொடாமலேயே காற்றின் வழியாக மின்பொறி பாய வாய்ப்புண்டு. மின்மாற்றி எரியும்போது பொதுமக்கள் செய்ய வேண்டியது விலகி நிற்பதும், மின்வாரியத்துக்கும் தீயணைப்புத் துறைக்கும் தெரிவிப்பதும் மட்டுமே.

அடைபட்ட இடத்தில் கரியமில வாயு

ஒரு கிலோ கரியமில வாயு விரிந்தால் சாதாரண வெப்பநிலையில் ஏறத்தாழ 0.54 கன மீட்டர் இடத்தை நிரப்பும். இந்தியாவில் பரவலாகக் காணப்படும் 4.5 கிலோ தீயணைப்பானில் இருந்து ஏறத்தாழ 2.4 கன மீட்டர் வாயு வெளிவரும். 3 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 2.7 மீட்டர் உயரம் கொண்ட அறையின் கொள்ளளவு 24.3 கன மீட்டர். கதவு மூடியிருக்கும் நிலையில் உருளை முழுதும் காலியானால், அவ்வறையின் காற்றில் ஏறத்தாழ 10 விழுக்காடு கரியமில வாயுவாகும். 2 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் அகலம், 2.5 மீட்டர் உயரமுள்ள மீட்டர் அறையிலோ 2 கிலோ உருளையே 13 விழுக்காட்டுக்கு மேல் எட்டிவிடும்.

சாதாரணக் காற்றில் இதன் அளவு 0.04 விழுக்காடு மட்டுமே. எட்டு மணி நேரப் பணிக்கு ஏற்கப்பட்ட வரம்பு 0.5 விழுக்காடு. 4 விழுக்காட்டை உயிருக்கு உடனடி ஆபத்தான அளவாக அமெரிக்கப் பணியிடப் பாதுகாப்பு வழிகாட்டுதல் வகுத்துள்ளது. இந்நிலையில் மேல்மூச்சு, தலைவலி, தலைசுற்றல் தோன்றும். 10 விழுக்காட்டில் சில நிமிடங்களுக்குள் நினைவிழப்பு ஏற்படலாம். 17 விழுக்காட்டைக் கடந்தால் ஒரு நிமிடத்துக்குள் உயிரிழப்பு நேரக்கூடும்.

இங்கே பரவலான ஒரு தவறான கருத்து உண்டு. கரியமில வாயு ஆக்சிசனை விலக்குவதால் மட்டுமே மூச்சுத்திணறல் வருகிறது என்று பலர் கருதுகின்றனர். மேற்கண்ட 10 விழுக்காட்டு அறையில் ஆக்சிசன் இன்னும் 19 விழுக்காட்டுக்கு அருகில் இருக்கும். அது மூச்சுவிடப் போதுமானதற்கு நெருக்கமான அளவே. ஆயினும் அங்கிருப்பவர் மயங்கி விழுவார். கரியமில வாயு இரத்தத்தின் அமிலத்தன்மையைக் கூட்டி, மூளையையும் மூச்சையும் நேரடியாகப் பாதிக்கிறது. ஆகவே ஆக்சிசன் அளவி ஒன்றை மட்டும் நம்பி அத்தகைய அறைக்குள் நுழைவது பாதுகாப்பன்று. கரியமில வாயுவைத் தனியே அளக்கும் கருவி தேவை.

இவ்வாயு காற்றைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு அடர்த்தியானது. அது தாழ்வான இடங்களில் தேங்கும். கேபிள் பள்ளம், மின்தூக்கிக் குழி, நிலவறை போன்றவற்றில் நெடுநேரம் தங்கியிருக்கும். புகை சூழ்ந்த அறையில் தரையோடு தவழ்ந்து வெளியேற வேண்டும் என்ற விதி சரியானதே. ஆனால் கரியமில வாயு அடிக்கப்பட்ட பள்ளத்தில் குனிவதும் இறங்குவதும் உயிருக்கு ஆபத்து.

வரலாறு தரும் பாடங்கள்

20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கார்பன் டெட்ராகுளோரைடு நிரப்பிய சிறு தீயணைப்பான்கள் புகழ்பெற்றிருந்தன. மின்சாரத்தைக் கடத்தாததால் அவை வாகனங்களிலும் மின்கருவிகளுக்கு அருகிலும் வைக்கப்பட்டன. ஆனால் அந்த நீர்மத்தின் ஆவியே நச்சானது. சூடான பரப்பில் பட்டால் அது பாசுசீன் என்னும் கொடிய வாயுவையும் உண்டாக்கியது. அடைபட்ட இடங்களில் இதனால் உயிரிழப்புகள் நேர்ந்தபின் அவ்வகை கைவிடப்பட்டது.

1998 ஜூலை 28 அன்று அமெரிக்காவின் ஐடஹோ தேசிய ஆய்வகக் கட்டடம் ஒன்றில், பராமரிப்புக்காக மின்சாரத்தைத் துண்டிக்கும் பணி நடந்துகொண்டிருந்தது. தீ ஏதும் இல்லாத நிலையில், முன்னெச்சரிக்கை ஒலியும் இன்றி அறைமுழுதும் நிரப்பும் கரியமில வாயு அமைப்பு இயங்கியது. ஒரு பணியாளர் இறந்தார், பலர் பாதிக்கப்பட்டனர். 2000-ஆம் ஆண்டு வெளியான அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் அறிக்கை, 1975 முதல் அதுவரை நடந்த 51 கரியமில வாயு நிகழ்வுகளில் 72 பேர் இறந்ததையும் 145 பேர் காயமடைந்ததையும் பதிவுசெய்தது.

2008 நவம்பர் 8 அன்று ரசியாவின் நெர்ப்பா நீர்மூழ்கிக் கப்பலில், கடல்சோதனையின்போது தீயணைப்பு வாயு வெளியேறி 20 பேர் இறந்தனர். அங்கும் தீ இல்லை. இக்கப்பலே பின்னர் இந்தியக் கடற்படைக்குக் குத்தகைக்கு வழங்கப்பட்டு, சக்ரா என்ற பெயரில் இயங்கியது.

இவை கையடக்கக் கருவிகள் அல்ல. அறைமுழுதும் நிரப்பும் பெரிய அமைப்புகள். ஆயினும் உடலைப் பாதிக்கும் விதம் ஒன்றே. அறை சிறிதாகச் சிறிதாக, சிறிய உருளையும் பெரிய அமைப்பைப் போலவே செயல்படும்.

பயன்படுத்தும் முறை

1. முதலில் மற்றவர்களை எச்சரித்து வெளியேற்ற வேண்டும். தீயணைப்புத் துறையை அழைக்க வேண்டும். தமிழ்நாட்டில் 101 அல்லது 112, இலங்கையில் 110 என்ற எண்ணில் அழைக்கலாம்.
2. பாதுகாப்பாக முடிந்தால் மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும்.
3. தீயணைப்பானின் சிட்டையைப் பார்த்து, மின்சாதனத்துக்கு ஏற்றதா என்று உறுதிசெய்ய வேண்டும்.
4. சிறிய அறையாக இருந்தால் உள்ளே செல்லாமல் வாசலில் நின்றே அடிக்க வேண்டும். கதவு திறந்திருக்க வேண்டும். வெளியேறும் வழி இயக்குபவரின் முதுகுப்பக்கம் இருக்க வேண்டும்.
5. பாதுகாப்பு ஊசியை இழுத்து, ஊதுமுனையைத் தீயின் அடிப்பகுதிக்குக் குறிவைத்து, கைப்பிடியை அழுத்தி, இடமும் வலமுமாக வீச வேண்டும். கரியமில வாயு 1 முதல் 2 மீட்டர் தொலைவுக்குள்தான் பயன்தரும். அதற்காகச் சிட்டையில் சொல்லப்பட்ட குறைந்த தொலைவைவிட நெருங்கக் கூடாது.
6. மின்பெட்டியின் கதவை அகலத் திறந்தால் புதுக்காற்று புகுந்து தீ சீறலாம். இடுக்கு அல்லது காற்றுத்துளை வழியாக அடிப்பது மேலானது.

கையடக்கத் தீயணைப்பானின் பீச்சுதல் சில நொடிகளிலிருந்து அரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ஒரு உருளையில் அணையாவிட்டால், அது தீயணைப்பானுக்குரிய அளவைக் கடந்த தீ என்று பொருள். அப்போது கதவை மூடிவிட்டு வெளியேறுவதே சரி.

அணைத்த பின்

தீ அணைந்ததும் அறைக்குள் நின்று பார்வையிடுவது தவறு. உடனே வெளியே வந்து, மீண்டும் பற்றுகிறதா என்று வாசலில் நின்று கவனிக்க வேண்டும். பின் அறையை முழுமையாகக் காற்றோட்டப்படுத்த வேண்டும். தகுதியுள்ள மின்பணியாளர் சோதிக்கும் வரை மின்சாரத்தை மீண்டும் தரக் கூடாது.

வாயு நிரம்பிய அறையில் ஒருவர் விழுந்து கிடந்தால், மூச்சுக்கருவி இல்லாமல் அவரைத் தூக்க உள்ளே ஓடுபவரும் விழுவார். மூக்கில் கட்டும் ஈரத்துணியோ தூசி முகக்கவசமோ இவ்வாயுவைத் தடுக்காது. வெளியிலிருந்தே கதவுகளைத் திறந்து காற்றைச் செலுத்துவதும், தீயணைப்பு வீரர்களை அழைப்பதுமே உதவும்.

லித்தியம் மின்கலங்கள்

லித்தியம் அயனி மின்கலத்தில் ஏற்படும் தீ இப்பொதுவிதிகளுக்குள் அடங்குவதில்லை. மின்கலத்துக்குள்ளேயே வேதிவினை தொடர்ந்து வெப்பத்தை உண்டாக்குவதால், கரியமில வாயுவோ உலர்தூளோ சுடரை அடக்கினாலும் தீ மீண்டும் எழும். அதை நிறுத்த மிகுந்த நீரால் நெடுநேரம் குளிர்விக்க வேண்டும்; இது பயிற்சி பெற்றவர்களின் வேலை. இதன் புகையும் நச்சானது. 2022 மார்ச்சில் வேலூரில், மின்னேற்றத்தில் இருந்த மின் இருசக்கர வாகனம் எரிந்ததில் எழுந்த புகையில் தந்தையும் மகளும் மூச்சுத்திணறி இறந்தனர். படுக்கையறைக்கு அருகிலும் வெளியேறும் வழியிலும் இவற்றுக்கு மின்னேற்றம் செய்யாமல் இருப்பது எந்தத் தீயணைப்பானையும் விடப் பெரிய பாதுகாப்பு.

பராமரிப்பும் வைக்கும் இடமும்

மின் அறைக்கான தீயணைப்பானை அறைக்குள் வைக்காமல் வாசலுக்கு வெளியே வைக்க வேண்டும். உள்ளே தீப்பிடித்தால் அதை எடுக்கவே உள்ளே செல்லும் நிலை இதனால் தவிர்க்கப்படும். மாடிப்படியின் கீழ் உள்ள மீட்டர் பலகைக்கு அருகில் பழைய தாள், மரச்சாமான், இருசக்கர வாகனம் ஆகியவற்றை அடுக்கக் கூடாது. அங்கே எழும் புகை முதலில் அடைப்பது அக்கட்டடத்தின் படிக்கட்டையே.

உலர்தூள் உருளையில் அழுத்தமானி உண்டு. அதன் முள் பச்சைப் பகுதியில் நிற்க வேண்டும். கரியமில வாயு உருளையில் பொதுவாக அழுத்தமானி இருப்பதில்லை. அதை எடைபோட்டுத்தான் சோதிக்க முடியும். உருளையில் குறிக்கப்பட்ட நிரப்பு எடையில் 10 விழுக்காட்டுக்கு மேல் குறைந்திருந்தால் மீண்டும் நிரப்ப வேண்டும். ஒருமுறை சிறிதளவே அடித்திருந்தாலும் நிரப்பாமல் மாட்டிவைக்கக் கூடாது. கரியமில வாயு உருளைகளுக்கு இந்திய நடைமுறையில் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை நீரழுத்தச் சோதனை செய்யப்படுகிறது.

தொட்டி, குழி, பெருங்குழாய் போன்ற அடைபட்ட இடங்களில் வேலை நடக்கும்போது தீயே தோன்றாமல் தடுப்பதே முதன்மையானது. இந்தியாவின் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 36-ஏ பிரிவு, அத்தகைய இடங்களில் போதிய பாதுகாப்பு ஏற்பாடுகள் இன்றி 24 வோல்ட்டுக்கு மேற்பட்ட கைவிளக்குகளைப் பயன்படுத்தத் தடை விதித்தது. குறைந்த மின்னழுத்தம், நுழையுமுன் காற்றுச் சோதனை, வெளியே காவல் நிற்கும் ஒருவர், வெளியேறும் வழி ஆகியவை உறுதியான பின்னரே அங்கே தீயணைப்பான் என்ற பேச்சுக்கு இடமுண்டு.